இடது கன்னத்தில் வலிக்காத புண்

தோட்டத்தில் என்னை எல்லாரும் டொக்டரய்யா என்றுதான் கூப்பிட்டார்கள். நான் டொக்டர் இல்லை. அரசாங்க ஆஸ்பத்திரி ஒன்றில் கொஞ்ச காலம் மருந்து கலக்கப் பழகிவிட்டு, ஹட்டனுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து டிஸ்பென்சரியில் வந்து உட்கார்ந்தவன். வெள்ளைக்காரத் துரைமார் இன்னும் பங்களாவை விட்டுப் போகாத ஐம்பதுகள். என் அலமாரியில் ஒரு போத்தல் சிவப்புத் தண்ணி, ஒரு போத்தல் வெள்ளைத் தண்ணி. காய்ச்சலுக்குச் சிவப்பு, வயிற்றுக்கு வெள்ளை. இரண்டுக்கும் கேட்காத வியாதிக்கு இரண்டையும் கலந்து கொடுப்பேன். ரோஸ் நிறத்தில் வரும். கொழும்பு மருந்து என்று சொல்லி மரியாதையாகக் குடிப்பார்கள்.

எனக்கு முன்பு இருந்தவர் பெருத்த உடம்புக்காரர். அவருடைய வெள்ளைக் கோட்டையே எனக்கும் கொடுத்திருந்தார்கள். நான் நடந்துபோனால் கோட்டு முதலில் வரும், கொஞ்சம் பொறுத்து நான் வருவேன்.

இந்த லட்சணத்தில் ஒன்றை மட்டும் சரியாகப் பழகியிருந்தேன். வாய் பார்ப்பது. நான் பழகிய ஆஸ்பத்திரியில் ஒரு வார்டு முழுக்க வாய்ப் புற்றுக்காரர்கள் கிடந்தார்கள். பாதிப்பேர் மலைநாட்டிலிருந்து வந்த நம் ஆட்கள். எல்லாருமே பிந்தி வந்தவர்கள். அங்கிருந்த பெரிய டொக்டர் என் விரலைப் பிடித்து அந்த வாய்களுக்குள் விட்டுத் தடவிப் பார்க்கச் சொல்வார். சாதாரணப் புண்ணின் விளிம்பு மெத்தென்று இருக்கும். இதன் விளிம்பு காய்ந்துபோன ரொட்டி ஓரம் மாதிரிக் கெட்டியாக, தடித்து நிற்கும். அதற்கு முன்பே கன்னத்தின் உட்பக்கம் துடைத்தாலும் போகாத வெள்ளைத் திட்டு விழுந்திருக்கும், அல்லது பட்டுத் துணி மாதிரிச் சிவந்திருக்கும். வாரக்கணக்கில் ஆறாத புண் எதுவானாலும் சந்தேகப்பட வேண்டும். தாடைக்குக் கீழே கட்டி வந்துவிட்டால் வியாதி வீடு மாறிவிட்டது என்று அர்த்தம்.

இத்தனை செய்தும் அது வலிக்காது. அங்கேதான் நம் ஆட்கள் ஏமாந்தார்கள். தோட்டத்தில் வலிக்காத ஒன்றுக்காக ஒரு நாள் பேரை, அந்த நாள் கூலியை, இழக்க யாரும் தயாரில்லை. விடியக் காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக்கு வந்து நிற்கும்போதே வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை எல்லாம் கன்னத்தில் ஏறிவிடும். குளிருக்கு அது, பசிக்கு அது, அட்டை கடித்த இடத்தில் துப்பிவிடவும் அதுவே. இரவில் அதை அதக்கிக்கொண்டே தூங்குகிறவர்களும் உண்டு. உள்ளே வெள்ளை விழுந்தால் சுண்ணாம்பு சுட்டுவிட்டது என்பார்கள். அதற்குத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் எல்லாருக்கும் தெரிந்த வைத்தியம் ஒன்று இருந்தது. புண்ணின்மேல் ஒரு துண்டுப் புகையிலையைக் கூடுதலாக வைத்து மரக்கப் பண்ணுவது.

நானும் வெற்றிலை போட்டவன்தான். அந்த வார்டைப் பார்த்த பிறகு விட்டேன். விட்ட பிறகும் பயம் விடவில்லை. சவரக் கண்ணாடியை வாய்க்கு முன்னால் பிடித்துக்கொண்டு காலையிலும் மாலையிலும் நிற்பேன். "எல்லாப் பல்லும் இருக்குதுங்களா, யாரும் களவெடுத்துட்டாங்களா?" என்று என் மனைவி கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போவாள்.

இனி அந்த அக்காவைப் பற்றிச் சொல்கிறேன். கொழுந்து பறிக்கிறவர், புருஷனை இழந்தவர், ஒரே மகள். என்னைவிட மூத்தவர் என்பதால் அக்கா என்று கூப்பிடுவேன். உத்தியோகத்தன் ஒருவன் கொழுந்துக்காரியை அக்கா என்பது தோட்டத்து ஆபீஸ் பெரிய கிளாக்கருக்குப் பிடிக்காது. என் அப்பாவும் இப்படி ஒரு லயத்தில் பிறந்தவர்தான் என்பது அவருக்கு அதைவிடப் பிடிக்காது.

தை பிறந்து கொஞ்ச நாளில் அவர் டிஸ்பென்சரிக்கு வந்தார்.

"கடவாய்ப் பல்லு ஆடுதுங்க. புடுங்கி விட்டுருங்க, மலைக்குப் போகணும்."

வெளிச்சத்துக்காக வாசலில் நிறுத்தி, வாயைத் திறக்கச் சொன்னேன்.

"இந்த வாயைத் தொறக்கச் சொன்ன மொத ஆளு நீங்கதான். மத்தவுங்கல்லாம் மூடத்தான் சொல்லுவாங்க."

திறந்தார். நான் சிரித்துக்கொண்டே எட்டிப் பார்த்தேன். இடது கன்னத்தின் உள்ளே, கீழ்ப் பற்கள் உரசுகிற இடத்தில் சுண்ணாம்பு பூசியது போல வெள்ளை. அதன் நடுவில் பயற்றங்கொட்டை அளவில் ஒரு புண். விரலை வைத்தேன். ரொட்டி ஓரம். பல் ஆடுவது பல்லின் குற்றமே இல்லை. தாடைக்குக் கீழே இரண்டு பக்கமும் தடவினேன். ஒன்றும் தட்டுப்படவில்லை. அந்த ஒரு நம்பிக்கையைத்தான் பிடித்துக்கொண்டேன்.

"வலிக்குதாக்கா?"

"வலிச்சா உங்ககிட்டயா வருவேன்? பூசாரிகிட்டப் போயிருப்பேன்."

"பல்லைப் புடுங்க மாட்டேன்."

"தெரியாதுன்னு சொல்லுங்க. கீழ் லயத்து ஆளுக்கு நல்ல பல்லைப் புடுங்கிட்டீங்கன்னு தோட்டமே சிரிச்சிச்சே."

அது உண்மை. பக்கத்துப் பல்லும் ஆடியது என்று நான் சொல்லிக்கொண்டு திரிந்தேன், ஒருவரும் நம்பவில்லை. ஆனால் அன்றைக்கு அதைச் சொல்லாமல் விரலைத் துடைத்துக்கொண்டே இருந்தேன். அவர் அதைக் கவனித்துவிட்டார். சிரிப்பை நிறுத்திவிட்டு என் முகத்தையே பார்த்தார்.

"இது புத்துங்கக்கா," என்றேன்.

கூடைக் கயிற்றை அவிழ்த்து இறுக்கிக் கட்டினார். "மேல் லயத்துல ஒரு ஆளு இருந்தாரே, கன்னத்துல ஓட்டை விழுந்து. அதுவா?"

அதுதான். குடித்த தேத்தண்ணி கன்னத்து வழியாக வெளியே வந்த மனிதர். லயத்தின் கடைசி அறையான கோடிக் காம்பராவில் தனியாகப் போட்டுவிட்டார்கள். அவர் பிடித்த பீலியில் யாரும் தண்ணீர் பிடிக்கவில்லை. இந்த அக்கா ஒருவர்தான் கஞ்சி கொண்டுபோவார், அவரும் வாசலோடு வைத்துவிட்டு வந்துவிடுவார்.

"அந்த ஆளு ஓட்டை விழுந்த பொறகு வந்தாரு. உங்களுக்கு இப்பத்தான் தொடக்கம். கொழும்புப் பக்கம் இதுக்குன்னே பெரிய ஆஸ்பத்திரி இருக்கு. ரேடியம்னு ஒண்ணு. ஊசி மாதிரிக் குத்தி வச்சு எரிச்சுருவாங்க. நம்ம தொரை காதுல பொருக்கு மாதிரி ஒண்ணு வந்து ஆறாமலே இருந்துச்சே, அதுவும் இந்தச் சாதிதான். வெள்ளைத் தோலு, வெயிலு ஆகாது. போனாரு, வெட்டி எடுத்தாங்க, பிளாஸ்திரி போட்டுக்கிட்டு வந்துட்டாரு."

"தொரை காதுக்கும் என் வாய்க்கும் என்னாங்க ஒறவு?"

"தாமதிச்சா ரெண்டும் ஒண்ணுதான். நாளைக்கே ரயில் ஏறுங்க."

அவர் தலையை ஆட்டிய விதத்திலேயே தெரிந்துவிட்டது. மகளுக்குச் சம்பந்தம் பேசியிருந்தது. சிவனொளிபாத மலை அடிவாரத்தில் நல்லதண்ணிப் பக்கத்துத் தோட்டம், மாப்பிள்ளைக்கு ஃபெக்டரியில் வேலை. மாசிக் கடைசியில் பரிசம்.

"வெத்தலை மாத்தினதுக்குப் பொறகு எங்க வேணும்னாலும் போறேன். அதுக்கு முன்னாடி இது வெளிய தெரிஞ்சா, ஓட்டை வாய்க்காரி வீட்டுல பொண்ணு எடுப்பாங்களா? எங்க ரெண்டு பேரையும் கோடிக் காம்பராவுல போட்டுருவாங்க."

பரிசத்தை முன்னுக்கு வைக்கச் சொன்னேன். அவசரப்பட்டால் பெண்ணைத்தான் சந்தேகப்படுவார்கள் என்றார். அதற்கும் என்னிடம் மருந்து இல்லை. கடைசியில் அதுவரைக்கும் வெற்றிலையைத் தொடுவதில்லை என்று மட்டும் ஒத்துக்கொண்டார். மலையில் வாய் சும்மா இருக்க முடியாமல் தேயிலைத் துளிரையே கடித்துக்கொண்டு திரிந்தாராம். "என்னை ஆடாக்கிட்டீங்க" என்று வழியில் பார்க்கும்போதெல்லாம் சொல்வார்.

வாரத்துக்கு ஒரு தடவை வாய் பார்த்தேன். பயற்றங்கொட்டை வளர்ந்து சின்னச் சதக் காசு அளவுக்கு வந்தது. பரிசத்துக்கு முந்திய வாரம் தாடைக்குக் கீழே தடவியபோது விரல் நின்றுவிட்டது. பாக்குத் துண்டு போல ஒன்று, தோலுக்கு அடியில் நகர்ந்தது.

"கட்டி வந்துருச்சுக்கா. இனி ஒரு நாளும் பொறுக்கக் கூடாது."

"இன்னும் ஒரு வாரந்தானுங்களே," என்றார். "ஒரு வாரத்துல அது எங்க ஓடிறப் போகுது?"

பரிசத்துக்கு என்னையும் அழைத்திருந்தார்கள். எங்கள் பக்கத்தில் அன்றைக்குத் தட்டு மாற்றினால் மட்டும் போதாது. இரண்டு பக்கத்துத் தாய்மாரும் ஒருவருக்கொருவர் வெற்றிலை மடித்துக் கொடுத்து, எல்லாரும் பார்க்க வாயில் போட வேண்டும். போடாவிட்டால் சம்பந்தம் வேண்டாம் என்று சொன்னதாகிவிடும். மாப்பிள்ளையின் தாய் வாட்டசாட்டமானவர், மடியிலேயே சுருக்குப் பை. சுண்ணாம்பைத் தாராளமாகத் தடவினார். புகையிலையையும் வைத்து மடித்து நீட்டினார்.

அக்காவின் கை பாதி வழியில் நின்றது. காம்பரா முழுக்க அந்தக் கையைப் பார்த்தது. நான் என் புத்திசாலித்தனத்தை எடுத்துவிட்டேன்.

"அவுங்க நேர்த்தி வச்சிருக்காங்க. வெத்தலை போடக் கூடாது."

மாப்பிள்ளையின் தாய் என் பக்கம் திரும்பினார். "எந்தச் சாமிக்குங்க?"

"சிவனொளிபாத மலைக்கு."

"நாங்க அந்த மலையைப் பாத்துக்கிட்டேதான் கண்ணு முழிக்கிறோம். வெத்தலையை விட்டு நேர்ந்துக்கிறதை இன்னைக்குத்தான் கேள்விப்படுறேன். நீங்க மாதா கோயிலுக்குப் போற வேதக்காரரு ஆச்சே, உங்களுக்கு யாரு சொன்னா?"

"மருந்துக்காரன் எல்லாச் சாமிக்கும் பொதுங்க," என்றேன்.

நாலு பேர் சிரித்தார்கள். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்துக் கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டேன். அவர் சிரிக்கவில்லை. மடித்த வெற்றிலையைத் தட்டில் திரும்ப வைத்தார்.

"சாமி காரியத்துல நாம குறுக்க நிக்கக் கூடாது. சம்பந்தியம்மா மலை ஏறி நேர்த்தியை முடிக்கட்டும். சீசன் முடியிறதுக்குள்ள ஒரு நல்ல நாளாப் பாத்து வந்து வெத்தலை மாத்திக்குவோம். நாங்க எங்கயும் ஓடிறல."

அவர் நல்ல மனசோடுதான் சொன்னார். மலை ஏறுகிற சீசன் முடிய வைகாசி ஆகும். அத்தனை நாளும் தாடைக்குக் கீழே அந்தப் பாக்குத் துண்டு இருக்கும். அக்கா என்னைப் பார்த்தார். கோபமாகக்கூடப் பார்க்கவில்லை.

"டொக்டரய்யாவுக்கு எந்நேரமும் வெளையாட்டுத்தான்," என்றார். "எனக்கு என்னா நேர்த்தி? குடுங்க சம்பந்தி."

வாங்கி வாயில் போட்டார். வலது பக்கம்தான் அதக்கினார். ஆனால் சுண்ணாம்புச் சாறுக்கு எந்தப் பக்கம் என்று தெரியுமா? மென்றார், சிரித்தார், மாப்பிள்ளையின் தாய்க்குத் தானும் ஒன்று மடித்துக் கொடுத்தார். உதட்டோரம் சிவப்பு வழிந்தது. இடது கை மட்டும் முந்தானையை முறுக்கி முறுக்கி, துணி கிழிந்துவிடும் போல இருந்தது. எல்லாரும் சாப்பிட உட்கார்ந்ததும் லயத்துக்குப் பின்னால் போனார். வெகு நேரம் கொப்பளிக்கும் சத்தம் கேட்டது.

அடுத்த நாள் அக்காவுக்கு லீவு கேட்டுத் துரையிடம் போனேன். உங்கள் காதுக்கு வந்தவனின் ஒன்றுவிட்ட தம்பி ஒருத்தன் ஒரு கொழுந்துக்காரியின் வாய்க்கு வந்திருக்கிறான் என்று சொல்ல நினைத்தேன். என் இங்கிலீஷில் அது எப்படி விழுந்ததோ, துரை காதைத் தடவிக்கொண்டே கையெழுத்துப் போட்டார். அக்காவும் அவருடைய தம்பியும் ஹட்டனில் ரயில் ஏறினார்கள். லயத்துக்குச் சொன்ன காரணம், கொழும்பில் கல்யாணச் சேலை எடுக்கப் போகிறார்கள் என்பது. வாரக்கணக்கில் சேலை எடுக்கிறவர்களும் உண்டு என்று என் மனைவியைப் பார்த்துப் பழகிய நான் நம்பினேன். தோட்டம் நம்பவில்லை.

ஒரு தடவை போய்ப் பார்த்தேன். அந்த ஆஸ்பத்திரியில் முதலில் பல்லையெல்லாம் பிடுங்கியிருந்தார்கள், கேட்ட பல்லும் கேட்காத பல்லும். பிறகு கன்னத்துக்குள் ரேடியம் ஊசிகளை வரிசையாகக் குத்தி, நூலை வெளியே விட்டு ஒட்டியிருந்தார்கள். பக்கத்தில் அதிக நேரம் நிற்கக் கூடாது என்றார்கள். பேச முடியாமல் கிடந்தார். எனக்குத் தெரிந்த ஒரே வேலையைத் தொடங்கினேன். பெரிய கிளாக்கர் கழிவுத் தண்ணி ஓடுகிற கானில் விழுந்த கதையைச் சொன்னேன். அவர் இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டார். சிரிக்க வைக்க வேண்டாம் என்று. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டு வந்தேன்.

வெளியே அங்கிருந்த டொக்டரிடம் கேட்டேன். கன்னத்துப் புண் ஆறும் என்றார். கழுத்துக் கட்டியைப் பற்றித்தான் நிச்சயமில்லை. கட்டி வருவதற்கு முன்னால் அனுப்பியிருந்தால் வேறு பேச்சு என்றார்.

அக்கா இன்னும் அங்கே இருக்கும்போதே செய்தி நல்லதண்ணிக்குப் போய்விட்டது. ஒரு நாள் மாப்பிள்ளையின் தாய் மஸ்கெலியா பஸ்ஸில் தனியாக வந்து, என் டிஸ்பென்சரி பெஞ்சில் உட்கார்ந்தார். வாய் நிறைய வெற்றிலை.

"வெளையாட்டு வேணாம். நேராச் சொல்லுங்க. சம்பந்திக்குப் புத்தாமே. பொண்ணுக்கும் வருமா?"

பொய் இரண்டு மூன்று தயாராகத்தான் இருந்தன. ஆனால் போன தடவை சொன்ன பொய் என்ன செய்தது என்று பார்த்தவன் நான். இருப்பதைச் சொன்னேன். ஒட்டுகிற வியாதி இல்லை, ஒரே கோப்பையில் குடித்தாலும் வராது. தாய்க்கு வந்ததால் மகளுக்கு வர வேண்டும் என்றும் இல்லை. புகையிலையும் பாக்கும் சுண்ணாம்பும் வருஷக்கணக்கில் ஒரே இடத்தில் கிடந்து கொண்டுவருகிற வியாதி. பெண் வெற்றிலை போடுவதில்லை.

அவர் எழுந்து வெளியே போய்க் கானில் துப்பினார். வாயைக் கழுவிவிட்டு வந்து, வாசல் வெளிச்சத்தில் நின்று, "பாருங்க," என்று திறந்தார்.

இரண்டு கன்னத்திலும் வெள்ளை. விரலை வைத்துத் தடவினேன். மெத்தென்றுதான் இருந்தது. புண் இல்லை, தாடைக்குக் கீழே ஒன்றும் இல்லை.

"இன்னைக்கே விட்டா தப்பிச்சீங்க. விடாட்டி ஒரு நாளைக்கு நீங்களும் ரயில் ஏற வேண்டி வரும்."

தலையாட்டினார். திரும்பப் பெஞ்சில் உட்கார்ந்தார்.

"அன்னைக்கு அவ கையை நீட்டாம நின்னாளே. புண்ணு அப்பவே இருந்துச்சா?"

"இருந்துச்சுங்க."

"நான் மடிச்சுக் குடுத்ததை அதுக்கு மேலயா போட்டா?"

அவர் முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டே இருந்தார். பஸ்ஸுக்கு எழுந்தபோது, "வந்ததும் சொல்லியனுப்புங்க. கல்யாணத்தைச் சுருக்கா வச்சுருவோம். பெத்தவ பாக்கணும்," என்றார்.

வைகாசியில் கல்யாணம் நடந்தது. அக்காவின் இடது கன்னம் கருத்து, தோல் இறுகி, வாய் ஒரு விரல் நுழையும் அளவுக்கே திறந்தது. எச்சில் வற்றிப்போனதால் நாலு வார்த்தைக்கு ஒரு தடவை தண்ணீர் குடித்தார். புண் ஆறித்தான் இருந்தது. நான் அதை மூன்று தடவை டோர்ச் அடித்துப் பார்த்தேன். நானே ஆற்றினவன் மாதிரி எல்லாரிடமும் சொல்லிக்கொண்டேன்.

ஆவணியில் கழுத்துக் கட்டி முட்டை அளவுக்கு வந்தது. திரும்ப ரயில் ஏறினார்கள், சீக்கிரமே திரும்பி வந்தார்கள். இனிச் செய்ய ஒன்றுமில்லை, வலிக்கு மட்டும் கொடுங்கள் என்று அங்கே சொல்லியிருந்தார்கள். இப்போது வலித்தது. வலிக்காமல் இருந்த அத்தனை மாதத்துக்கும் சேர்த்து வலித்தது. நித்திரைக்குக் கொடுக்க என்னிடம் இருந்த சொட்டு மருந்தைக் கொடுத்தேன். ஹட்டனில் வாங்கியும் கொடுத்தேன். சில நாள் கேட்டது.

மகள் வந்து கூடவே இருந்தாள். மாமியார்தான் அனுப்பியிருந்தார். "அடுப்பை நான் பாத்துக்கிறேன், நீ அம்மாகிட்ட இரு" என்றாராம். ஐப்பசி மழையில் ஒரு பகல் நேரத்தில், மகள் கஞ்சியைக் கரண்டியால் உதட்டுக்குள் விட்டுக்கொண்டிருந்தபோது அக்கா போய்விட்டார்.

தேயிலைக்கு நடுவில் புதைத்துவிட்டு இறங்கும்போது மாப்பிள்ளையின் தாய் என்னோடு நடந்து வந்தார். வாயில் வெற்றிலை இருந்தது. புகையிலையை விட்டுவிட்டதாக முன்பே சொல்லியிருந்தார். மற்றதை விடவில்லை. வழி வழுக்கியதால் என் கோட்டுக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"டொக்டரய்யா, ஒண்ணு கேக்கணும். நான் குடுத்த அந்த வெத்தலையால அவளுக்கு ஒரு மாசமாவது கொறைஞ்சிருக்குமா?"

"இல்லம்மா. ஒரு வெத்தலையால ஒண்ணும் ஆகாது."

"சாமி சத்தியமா?"

"சத்தியமா."

அது உண்மை. என் வாயிலிருந்து வந்ததால் அவர் நம்பாமல் இருந்திருக்கலாம். என்னைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச தூரம் வந்தார். தையிலிருந்து மாசிக் கடைசி வரைக்கும் பரிசத்துக்காகக் காத்திருந்த நாட்களைப் பற்றி அவர் கேட்கவில்லை. அவருடைய மகனும் மருமகளும் எங்களுக்கு முன்னால் நனைந்துகொண்டு போனார்கள். பெண் வழுக்கி விழாமல் அவன் முழங்கையைப் பிடித்திருந்தான். நானும் அந்த நாட்களைப் பற்றிச் சொல்லவில்லை.